ஓடினால் எரியும், நின்றால் அணையும்: ஓர் ஆயில் விளக்கின் வழக்கு

ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிய வேண்டிய டேஷ்போர்டுச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்த கார் இது, உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ வியாபாரி ஒருவருடையது. மல்லிகைச் சீசனில் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் பூ மூட்டைகளைப் பின்னால் அடைத்துக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். 2014 மாடல், 1.5 லிட்டர் காமன் ரயில் டீசல், ஓட்டம் 1,38,000 கிலோமீட்டர். எந்த நிறுவனத்துக் கார் என்பது இங்கே தேவையில்லை. இதே மாதிரி இன்ஜின் அமைப்பு பல கம்பெனிக் கார்களில் உண்டு.

சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மதியம், ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் என் பட்டறையில் அதை ரெக்கவரி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஓட்டி வர வேண்டாம் என்று போனில் நான்தான் சொல்லியிருந்தேன். "விளக்குத்தானே தம்பி, விட்டு விட்டு எரிகிறது. மெதுவாக ஓட்டி வந்துவிடுகிறேனே" என்றார். "மஞ்சள் விளக்கு என்றால் ஓட்டி வாருங்கள் அண்ணே. சிவப்பில் எண்ணெய்க் கிண்ணம் எரிந்தால் முதலில் இன்ஜினை அணையுங்கள், பிறகு பேசலாம்" என்றேன். ரெக்கவரிக்கு 2,500 ரூபாய் ஆனது. அந்தக் கோபம் முதல் அரை மணி நேரம் அவர் முகத்தில் இருந்தது.

அவர் கையில் ஏற்கெனவே ஒரு சீட்டு இருந்தது. இன்னொரு பட்டறையில் எழுதிக் கொடுத்தது: இன்ஜினை இறக்கி கிராங் (இன்ஜினின் சுழலும் தண்டு), அதைத் தாங்கும் பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் மாற்ற 95,000 ரூபாய். அதற்கும் முன்னால் வேறொரு இடத்தில் ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள். விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்து மூன்றாம் நாள் மறுபடி எரிந்திருக்கிறது. கழற்றிய பழைய சுவிட்சை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருந்தார். பூ வியாபாரத்தில் நாரைக்கூட வீணாக்காத மனிதர்.

இரண்டு பட்டறையிலும் ஒருவரும் செய்யாத ஒரு காரியம் உண்டு. பிரஷர் கேஜை மாட்டி, உண்மையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளக்கவே இல்லை. ஒருவர் விளக்கு பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினார், இன்னொருவர் இன்ஜின் செத்துவிட்டது என்று முடிவு கட்டினார். அப்போது 3,000 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கருவியை வைத்திருந்தால் இரண்டு பேருமே வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

விளக்குக்கு எவ்வளவு தெரியும்

இந்தச் சிவப்பு விளக்கின் பின்னால் இருப்பது அளவுமானி கிடையாது, வெறும் சுவிட்ச். உள்ளே ஒரு மெல்லிய தகடு, ஒரு ஸ்பிரிங். ஆயில் அழுத்தம் இல்லாதபோது சுவிட்சில் இணைப்பு இருக்கும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறக்குறைய அரை பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டினால் தகடு நகர்ந்து இணைப்பைத் துண்டிக்கும், விளக்கு அணையும். சாவியைப் போட்டவுடன் எரிந்து, இன்ஜின் ஓடியதும் ஓரிரு விநாடியில் அணைவது இதனால்தான்.

ஆகவே அணைந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்று: அழுத்தம் அரை பாருக்குக் கீழே இல்லை. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓடும் இன்ஜினுக்கு மூன்று பாருக்கு மேல் வேண்டும். அங்கே முக்கால் பார்தான் இருக்கிறது என்றாலும் விளக்கு அணைந்தே இருக்கும். பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஆயிரம் சுற்றுக்குக் குறைந்தபட்சம் பத்து பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார். அந்தக் கணக்கில் பார்த்தால், ஓட்டத்தில் இந்த விளக்கு எரியும் நேரத்தில் நிலைமை எப்போதோ கை மீறியிருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குக் குழப்பம். ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்பட்ட ஆயில் கிராங் பேரிங், கேம், டர்போ என்று குறுகிய இடைவெளிகளில் நுழையச் சிரமப்படுவதால்தான் அழுத்தம் பிறக்கிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் ஆயில் சுலபமாக ஒழுகிப்போகும், அழுத்தம் இறங்கும். ஆயில் சூடேறி இளகினாலும் அப்படியே. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் தடை இருந்தால் தள்ளுவதற்கே ஆயில் கிடைக்காது. விளக்குக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புதான்.

அரை மணி நேர வேலைகள்

முதலில் கை அழுக்காகாத வேலைகள். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தது, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே. மூக்கில் வைத்துப் பார்த்தேன். டீசல் வாடை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆயிலில் டீசல் கலந்தால் அது நீர்த்துப் போகும், அளவும் கூடும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 டீசல் கார்களில், புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்றுபோனால் இது நடக்கிறது. இந்தக் காரில் அந்த வடிகட்டியே கிடையாது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினால் மட்டும் சாத்தியம். ஒரு சொட்டு ஆயிலை வடிதாளில் விட்டுக் காய வைத்தேன். டீசல் கலந்திருந்தால் சொட்டைச் சுற்றிக் கண்ணாடி போல் ஒரு வளையம் விரியும். விரியவில்லை. நடுவில் மட்டும் அட்டக் கரியாக ஒரு வட்டம் நின்றது, விளிம்பு கத்தியால் வெட்டியது போல. கரி அதிகம், டீசல் இல்லை.

வயரிங்கைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சாவியைப் போட்டு சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும், வயரை இன்ஜின் உடம்பில் தொட்டால் எரிய வேண்டும். இரண்டும் நடந்தது. வயர் நல்ல வயர்தான். புதிதாகப் போட்டிருந்த சுவிட்ச் மட்டும் அடியில் லேசாக ஆயில் கசிந்துகொண்டிருந்தது.

பிறகு சுவிட்சைக் கழற்றி, அதே மரையில் அடாப்டர் போட்டு கேஜை மாட்டினேன். குளிர்ந்த இன்ஜினில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காத ஓட்டத்தில், 3.4 பார். இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை சுற்றி நின்ற பிறகு, ஐடிலில் 1.3 பார். இரண்டாயிரம் சுற்றில் 2.6. மூவாயிரத்தில் 3.3. எல்லாமே நன்றாக இருந்தன. 95,000 ரூபாய்ச் சீட்டுக்கு இதிலேயே பதில் கிடைத்துவிட்டது: பேரிங் போன இன்ஜின் சூடான ஐடிலில் 1.3 பார் காட்டாது.

எனக்கு அப்போது வந்த யோசனையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "புதுச் சுவிட்ச் மட்டமான சரக்கு, வேறு நல்லது போட்டு அனுப்பிவிடலாம்" என்று நினைத்தேன். அளந்துவிட்டோம் என்ற திமிர். நிறுத்திய இடத்தில் அளந்தேன், அவருக்கு விளக்கு எரிந்ததோ சாலையில்.

டீக்கடையில் வந்த தகவல்

வந்தவுடன் நான் அவரிடம் கேட்ட கேள்வி, "சிக்னலில் நிற்கும்போது எரிகிறதா அண்ணே?" என்பது. பெரும்பாலான ஆயில் அழுத்தக் கோளாறுகள் சூடான ஐடிலில்தான் தலைகாட்டும் என்பதால் பழக்கத்தில் வந்த கேள்வி. "எப்போதாவது எரிகிறது" என்றார். நான் அதை ஐடில் கணக்கில் எழுதிக்கொண்டேன். நான்கு மணிக்கு எதிர்க் கடையில் டீ குடிக்கும்போது அவரே பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஒன்று மட்டும் புரியவில்லை தம்பி. எண்பது தாண்டி ஓட்டினால்தான் எரிகிறது. பயந்துபோய் ஓரம் கட்டினால் அணைந்துவிடுகிறது. செக்கானூரணியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு எடுத்தால் மார்க்கெட் வரைக்கும் எரிவதே இல்லை. வண்டிக்கும் டீ கேட்கிறதோ என்னவோ."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சிரிப்புக்குச் சொன்னது, எனக்கு நோயின் பெயரே அதில் இருந்தது.

பேரிங் தேய்ந்த இன்ஜின் ஐடிலில் எரியும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணையும். இங்கே நேர் எதிர். வேகம் கூடினால் அழுத்தம் விழுகிறது, குறைத்தால் எழுகிறது, நிறுத்தி வைத்தால் கொஞ்ச நேரத்துக்குக் குணமாகிவிடுகிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க நான் எப்போதும் ஜிகர்தண்டாவைத்தான் கூப்பிடுவேன். ஸ்டிராவில் மெல்ல உறிஞ்சினால் பால் வரும். அவசரப்பட்டு வேகமாக உறிஞ்சினால் பாதாம் பிசின் வந்து ஸ்டிராவின் வாயில் ஒட்டிக்கொள்ளும், கன்னம்தான் ஒட்டும், ஒன்றும் வராது. உறிஞ்சுவதை நிறுத்தினால் பிசின் தானாகக் கழன்று விழும், அடுத்த இரண்டு மடக்கு சுகமாக வரும். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில், பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயிலும் ஒரு சல்லடை இருக்கிறது. ஸ்ட்ரெய்னர் என்போம். அங்கே ஏதோ பிசின் இருக்கிறது.

யூகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யூகத்தின் பேரில் சம்பைக் கழற்றினால் நானும் அந்த 95,000 ரூபாய்ப் பட்டறையும் ஒன்றுதான். சாலையிலேயே அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். நீளமான ஹோஸ் போட்டு கேஜை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் வைப்பருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினேன். கேஜை உள்ளே கொண்டுவரக் கூடாது. ஹோஸ் பிய்ந்தால் கொதிக்கிற ஆயில் மடியில் விழும். உதவிக்கு இருக்கும் தம்பி பக்கத்து சீட்டில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். பூக்கார அண்ணன் பின்சீட்டில். விளக்கு எரியும் காரை ஓட்டலாமா என்று கேட்கலாம். முள் கண் முன்னால் இருக்கும்போது ஓட்டலாம், விழுந்த நொடியில் அணைத்துவிட வேண்டும்.

மேலூர் போகும் நான்கு வழிச் சாலையில் ஏறினோம். சிட்டம்பட்டிச் சுங்கச்சாவடி வரை ஒன்றுமில்லை. தாண்டிய பிறகு தொண்ணூறில் பிடித்தேன், சுற்று 2,400. முள் 3.1-இல் அசையாமல் நின்றது. ஏழெட்டு நிமிடம் கழித்து நடுங்க ஆரம்பித்தது. 2.8, 2.3, மறுபடி 2.6. தம்பி எழுதுவதை விட்டுவிட்டு முள்ளையே பார்த்தான். ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தினேன். 1.4, பிறகு பட்டென்று 0.6. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சுற்று இறங்கியதும் முள் 1.2-க்கு ஏறியது. சுற்று குறையக் குறைய அழுத்தம் ஏறுவதை அத்தனை தெளிவாக நான் முன்பு பார்த்ததில்லை. உடனே இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டிப் பதினைந்து நிமிடம் புளியமர நிழலில் நின்றோம். திரும்பும்போது நாற்பதுக்கு மேல் போகவில்லை, முள்ளும் விழவில்லை.

சம்பைக் கழற்றியபோது

மறுநாள் காலை ஆயிலை இறக்கினோம். அதற்கு முன் ஃபில்டரின் காகிதத்தை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். இதைச் செய்யாத மெக்கானிக்கிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள். பேரிங் தேய்ந்திருந்தால் மடிப்புகளில் ஜிகினா போலப் பளபளக்கும். பளபளப்பு இல்லை, காந்தத்திலும் ஒன்றும் ஒட்டவில்லை. இருந்ததெல்லாம் கேழ்வரகு அளவில் கருப்புத் துகள்கள். நகத்தால் நசுக்கினால் கண்ணாடி போல் நொறுங்கின.

சம்ப் கீழே இறங்கியதும் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு எள்ளுப் பிண்ணாக்கு மாதிரி ஒரு படிவு. ஸ்ட்ரெய்னரின் சல்லடையில் முக்கால் பங்கு அடைபட்டிருந்தது. மீதிக் கால் பங்கு வழியாகத்தான் இன்ஜின் மூன்று வாரமாக உயிர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் விளக்கு அணைய நான்கைந்து விநாடி ஆகும் என்று அவர் பிற்பாடு சொன்னதும் இதோடு பொருந்தியது. உறிஞ்சும் குழாயின் ரப்பர் வளையமான ஓ-ரிங் விறைத்துப்போயிருந்ததே தவிர விரிசல் இல்லை. அது விரிசல் விட்டிருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுத்து, ஏறக்குறைய இதே கூத்தைக் காட்டியிருக்கும்.

சம்ப் கீழே இருக்கும்போதே பேரிங்கையும் பார்த்துவிடுவதா, வேண்டாமா? இங்கே கொஞ்சம் யோசித்தேன். இந்த இன்ஜினில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மூடி அறுத்து எடுத்தது கிடையாது, உடைத்துப் பிரித்தது. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது, திருப்பியும் போட முடியாது. அதன் போல்ட்டுகள் முறுக்கும்போது நீளும் வகை, ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். நான்கையும் கழற்றுவது வீண் செலவு. ஒன்றுமே பார்க்காமல் மூடுவதும் மனசுக்கு ஒப்பவில்லை. பம்புக்குத் தூரத்தில் இருக்கும் நான்காவதை மட்டும் கழற்றினேன். பேரிங் ஷெல்லில் மெல்லிய கோடுகள் இருந்தன, ஆனால் மேல்பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்பு தெரியவில்லை. நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து அளந்தால் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். அந்த ஒரு ஜோடி ஷெல்லை மட்டும் போல்ட்டோடு புதிதாகப் போட்டு மூடிவிட்டோம்.

பூக்கார அண்ணனுக்கு அப்போதே முகம் மலர்ந்துவிட்டது. "சல்லடையைக் கழுவி மாட்டினால் முடிந்ததா தம்பி?" என்றார். விளக்கைப் பொறுத்தவரை முடிந்ததுதான். ஸ்ட்ரெய்னரைக் கழுவி, சம்பைத் துடைத்து, ஆயில் ஊற்றி அனுப்பியிருந்தால் ஏழெட்டு மாதம் எரியாது. ஆனால் அந்தக் கேழ்வரகுத் துகள் என்னை விடவில்லை. டீசல் இன்ஜினின் சாதாரணக் கரி மை போலிருக்கும், ஆயிலில் மிதந்து அதைக் கருப்பாக்கும். கல் போல் இறுகாது. கரி இறுக வேண்டுமென்றால் ஆயிலை யாரோ வறுத்திருக்க வேண்டும்.

வறுத்தது யார்

இன்ஜினின் தலைப்பக்க மூடியின் பிளாஸ்டிக் உறையை எடுத்ததும் ஆள் அகப்பட்டான். மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல ஒரு வளையம், கெட்டியாக, பளபளப்பாக. இன்ஜெக்டர், இன்ஜினின் தலையில் (ஹெட்) உட்காரும் இடத்தில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். எரியும் வாயு மேலே வராமல் அடைத்து நிற்பது அதுதான். அது சரியாக அமராவிட்டால், ஒவ்வொரு வெடிப்பின்போதும் கொஞ்சம் நெருப்புக் காற்று இன்ஜெக்டர் ஓரமாக மேலேறும். இந்த இன்ஜினில் இன்ஜெக்டர்கள் கேம் மூடி வழியாக இறங்குவதால் அந்தக் காற்றில் ஒரு பகுதி மூடிக்கு உள்ளே போய் ஆயிலை வறுக்கும். வறுபட்ட ஆயில் செதில் செதிலாக இறுகி, உதிர்ந்து, ஆயில் இறங்கும் வழியாகச் சம்புக்குப் போய்ச் சேரும்.

அப்போதுதான் கேட்டேன். பதினான்கு மாதத்துக்கு முன்னால் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி சர்வீஸ் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஏற்றத்தில் "சுக் சுக்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததாம். சைலன்சரில் ஓட்டை என்று நினைத்துச் சத்தம் பழகிப்போய்விட்டது. ஆயில் மாற்றும் கெடு 15,000 கிலோமீட்டர், அவர் மாற்றியது 22,000-இல். மாற்றும்போது, "உள்ளே அழுக்கு அதிகம் இருக்கிறது" என்று உள்ளே கழுவும் பிளஷிங் ஆயில் ஊற்றிக் கால் மணி நேரம் ஓட விட்டிருக்கிறார்கள். சம்பின் மூலையிலும் தலையின் பள்ளங்களிலும் யாருக்கும் தொல்லை தராமல் ஒட்டிக் கிடந்த படிவுகளை எல்லாம் அந்த பிளஷ் எழுப்பி ஸ்ட்ரெய்னருக்கு அனுப்பிவிட்டது. அதிலிருந்து 600 கிலோமீட்டரில் விளக்கு முதல் முறை எரிந்தது.

கூடவே ஒரு யோசனைக்காரர், "மதுரை வெயிலுக்கு இந்தத் தண்ணி ஆயில் தாங்காது" என்று 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயில் போக வேண்டிய இடத்தில் மிகக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, இரண்டுக்கும் இடைப்பட்ட 15டபிள்யூ-40 ஊற்றினார்கள். கெட்டி ஆயில் ஐடிலில் கேஜின் முள்ளைச் சற்றுத் தூக்கிக் காட்டும், உண்மைதான். ஆனால் அடைத்த சல்லடை வழியாகக் கெட்டி ஆயிலை உறிஞ்சுவது இன்னும் கடினம். பட்டறையில் எனக்குக் கிடைத்த 1.3 பாரில் கொஞ்சம் அந்தக் கெட்டியின் உபயம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது.

இன்ஜெக்டர் லேசில் வரவில்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க ஊற விட்டு, மறுநாள் இன்ஜினைச் சூடாக்கி, ஸ்லைடு சுத்தியல் புல்லரில் நாற்பது அடி அடித்த பிறகு வந்தது. வாஷரைப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையத் தடம். பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். செம்பு ஒரு முறை நசுங்கித்தான் அடைக்கும், இரண்டாவது முறை நசுங்க அதில் மென்மை மிச்சமிருக்காது. அந்தச் சிறு வளையத்தின் விலை அப்போது நாற்பது ரூபாய்.

உட்காரும் இடத்தில் வாயு அரித்த ஒரு கோடு இருந்தது. கீழே சிலிண்டர் துளையை கிரீஸ் தடவிய பஞ்சால் அடைத்து, சீட் கட்டரால் மிக லேசாக, கையாலேயே நான்கு சுற்றுச் சுற்றிச் சமப்படுத்தினேன். இந்த இடத்தில் ட்ரில் மெஷினைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் அடுத்து வாங்குவது ஹெட். நான்கு இன்ஜெக்டருக்கும் புது வாஷர், புதுப் பிடிமான போல்ட், டார்க் ரெஞ்ச் கணக்கில் முறுக்கல். ஒன்று கசிந்திருக்கும்போது மற்ற மூன்றும் அதே கையால் மாட்டப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.

டர்போவைப் பற்றித்தான் அதிகம் பயந்திருந்தேன். இத்தகைய சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். உருளை பேரிங் கிடையாது, ஆயில் படலத்தின் மேலேயே மிதக்கிறது. ஆயில் நின்றால் முதலில் போவது அதுதான். விரலால் தண்டை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் இயல்பான சிறு அசைவு, முன்பின்னாக ஒன்றும் இல்லை, இறக்கை உறையில் உரசிய தடமும் இல்லை. ஆனால் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயின் போல்ட்டுக்குள் ஒரு பொடிச் சல்லடை இருந்தது, அதில் பாதி கரி. போல்ட்டையும் குழாயையும் சேர்த்தே மாற்றினேன். குழாயைக் கழுவித் திரும்பப் போடலாமே என்றான் தம்பி. உள்ளே பார்க்க முடியாத ஒன்றைக் கழுவிவிட்டதாக எப்படி நம்புவது?

ஸ்ட்ரெய்னர் குழாய் புதிது, ஓ-ரிங் புதிது. சம்பை மாட்டும்போது சிலிக்கான் பசையை மெல்லிய கோடாக மட்டும் இழுத்தோம். தாராளமாகப் பூசினால் உள்பக்கம் பிதுங்குவது பிய்ந்து விழுந்து புதுச் சல்லடையிலேயே போய் உட்காரும். அப்படி ஒரு கார் எங்களிடம் வந்திருக்கிறது. முதல் ஊற்றுக்கு விலை குறைந்த, சரியான தரத்து 5டபிள்யூ-30. பிளஷ் கிடையாது. டர்போ குழாயில் ஆயில் வரும் வரை இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி வைத்து ஸ்டார்ட்டரிலேயே சுற்ற விட்டோம். கேஜில் முள் எழுந்த பிறகுதான் இன்ஜினை எழுப்பினோம்.

மறுபடி அதே சாலை

ஐந்தாம் நாள் காலை. வைப்பருக்கு அடியில் அதே கேஜ், பக்கத்தில் அதே தம்பி. மேலூர் வரை போய்த் திரும்பினோம், இந்த முறை நூறில். இளகிய ஆயிலிலேயே சூடான ஐடில் 1.4 பார், 2,400 சுற்றில் 3.2, மூவாயிரத்தில் 3.7. முள் நடுங்கவே இல்லை. "சுக் சுக்" சத்தமும் போயிருந்தது. பின்சீட்டிலிருந்து அவர், "சைலன்சரையும் மாற்றிவிட்டீர்களா தம்பி?" என்று கேட்டார்.

மொத்தச் செலவு 26,300 ரூபாய், ரெக்கவரி வண்டியைச் சேர்க்காமல். ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வரச் சொன்னேன். மார்க்கெட் முடிந்த கையோடு வந்தார், கார் முழுக்க மல்லிகை வாசம். வெட்டி விரித்த ஃபில்டரில் பழைய துகள்கள் இருபது, இருபத்தைந்து இருந்தன. தலையின் பள்ளங்களில் மிச்சமிருந்தவை, எதிர்பார்த்ததுதான். அடுத்த இரண்டாயிரம் கிலோமீட்டரில் வெட்டியபோது மூன்று. இனி 8,000-க்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். 22,000 என்று நீட்டினால் ரெக்கவரி வண்டியின் எண் அவரிடம் இருக்கிறது.

சுவிட்ச் விஷயம் பாக்கி. அவர் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பழைய சுவிட்சை டயருக்குக் காற்றடிக்கும் குழாயில் மாட்டி, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். காற்றில்லாதபோது இணைப்பு இருந்தது. மெல்லத் திறந்துகொண்டே போனால் 0.45 பாரில் டக்கென்று துண்டித்தது. பத்து முறை செய்தோம், பத்து முறையும் அதே இடம். புதிது என்று காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த கசியும் சுவிட்சைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பழையதையே அதன் இடத்தில் மாட்டி அனுப்பினேன்.